பெட்டியடிப் பையன்மேல் பணம் போடுவது: பேஸ்பால் கார்டு வாங்க ஒரு காரைக்குடிக் கடைக்காரனின் கைக்குறிப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்குப் பழைய சாமான் கடை. மங்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், இடித்த வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்கு நிலை என்று வாங்கி விற்று முப்பது வருடம் ஓடிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே, கனத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு வெளிநாட்டுப் பையன் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள், "இது யாருண்ணே, மாப்பிள்ளையா?" என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை இல்லை. நான் கெடுத்து வைத்த ஒரு பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர் படம் போட்டுப் பொட்டலத்தில் விற்கிற அட்டை. கெடுத்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.

மகன் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறான். 2019இல் முதல்முறை போனபோது பேரனுக்கு ஒன்பது வயது. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் உள்ள அட்டைகளைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, "ஐயா, இவன் இன்னும் பெரிய ஆட்டத்துக்கே வரலை. வந்தா இது பத்து மடங்கு போகும்" என்றான். கேட்டதும் எனக்கு எங்கள் ஐயா ஞாபகம் வந்துவிட்டது. அவர் பதிமூன்று வயதில் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: நகரத்தார் கடைகளில் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர வேண்டும். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிக் கூட்டிக் கழித்து, ஏச்சு வாங்கி, தேறினால் அடுத்தாள். அதற்கும் மேலே தேறினால் மேலாள், கடை முழுக்க அவன் கையில். மூன்று வருடக் கணக்குக்கு ஆள் அனுப்புவார்கள். எத்தனை பெட்டியடிப் பையன்கள் மேலாள் ஆனார்கள் என்று கேட்டால், நம் வீடுகளில் தொங்கும் படங்களை வைத்து எண்ணக் கூடாது. படம் மாட்டியிருப்பது ஆனவர்களுக்கு மட்டும்தான்.

பேஸ்பாலில் இளம் வீரர் கார்டு வாங்குவது அச்சாக இதே வேலை. பெட்டியடியில் இருக்கிற பையன்மேல் பணத்தைப் போட்டுவிட்டு, அவன் மேலாள் ஆவானா என்று காத்திருக்கிறோம். ஒரு வித்தியாசம் உண்டு, அதில்தான் லாபமே இருக்கிறது: அவன் மேலாள் ஆகித் தீரவேண்டும் என்று அவசியமில்லை. ஆகப்போகிறான் என்று ஊர் பேச ஆரம்பித்தாலே விலை ஏறிவிடும். விற்க வேண்டியது அப்போது. ஆறு வருடத்தில் நான் படித்துக்கொண்டது பெரும்பாலும் இதுதான்.

சரி, முதலில் ஏணியைத் தெரிந்துகொள்ளுங்கள். மேல் லீகில், அதாவது மேஜர் லீக் பேஸ்பாலில், 30 அணி. ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படி: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. 2021இல் எல்லாவற்றையும் திருத்தி அமைத்த பிறகு அப்படி மொத்தம் 120 சின்ன அணிகள். பையன்கள் இரண்டு வழியில் வருகிறார்கள். அமெரிக்காவில் பள்ளி, கல்லூரியில் ஆடுகிறவர்களை ஜூலை மாதத்தில் டிராஃப்ட் என்று வரிசை போட்டு அணிகள் பிரித்துக்கொள்ளும். இப்போது 20 சுற்று. டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா பையன்கள் பதினாறு வயதில் நேரடி ஒப்பந்தத்தில் வருவார்கள். சிங்கிள் ஏயில் நன்றாக அடிக்கிற பையன் நிறையப் பேர். டபுள் ஏயில்தான் பந்து வீசுகிறவன் நினைத்த இடத்தில் வீசுவான், வளைப்பான், ஏமாற்றுவான். அங்கே நிற்கிறவனை நான் அடுத்தாளாக மதிக்கிறேன். அதற்குக் கீழே எல்லாம் பெட்டியடிதான், பத்திரிகைக்காரர்கள் எத்தனை நட்சத்திரம் போட்டாலும்.

நம் நாட்டிலிருந்தும் இரண்டு பேர் இந்த ஏணியில் கால் வைத்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்துப் பையன்கள், ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறி, 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தம் ஆனார்கள். இருவரும் மேல் லீக் வரை போகவில்லை. ஏணி அவ்வளவு உயரம்.

எந்தக் கார்டு

மங்குச் சட்டியை நான் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். அடியில் முத்திரை இருக்கிறதா, எந்த நாடு, எந்தக் கம்பெனி. கார்டிலும் அப்படித்தான்.

வளரும் பையன்களுக்கு என்றே இருக்கிற வரிசையின் பெயர் போமன். அதை அச்சிடுவது டாப்ஸ் கம்பெனி. 2022 ஜனவரியில் ஃபனாடிக்ஸ் என்கிற நிறுவனம் டாப்ஸின் கார்டுத் தொழிலை வாங்கிவிட்டது, கார்டில் பெயர் மட்டும் பழையபடி இருக்கிறது. ஒரு பையன் போமனில் முதல்முறை வரும்போது கார்டின் முகத்தில் '1ஸ்ட்' என்று சின்ன முத்திரை இருக்கும். சந்தை தேடுவது அதைத்தான். அடுத்த வருடம் அதே பையன் அதே போமனில் இன்னும் அழகான படத்தோடு வருவான், முத்திரை இருக்காது, விலையும் பாதிக்குப் பாதி இருக்காது. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இது.

ரூக்கி கார்டு என்பது வேறு. பையன் மேல் லீகில் ஆடத் தொடங்கிய பிறகு வரும் கார்டில் 'ஆர்சி' என்று முத்திரை போடுவார்கள். 2006 முதல் இந்த வழக்கம். போமன் முதல் கார்டு பெட்டியடி, ரூக்கி கார்டு மேலாள் நாற்காலி. இரண்டும் விற்கும். ஆனால் ரூக்கி கார்டு வருகிற நேரத்துக்கு ஊருக்கே அவனைத் தெரிந்துவிடும், மலிவாக வாங்கும் காலம் முடிந்துவிடும்.

போமனுக்குள்ளேயே சாதாரணக் காகித அட்டை, பளபளக்கும் குரோம் என்று இரண்டு வகை. காகிதத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். குரோம் வாங்குங்கள். கை தாங்குமானால் கையெழுத்துப் போட்ட குரோம். கையெழுத்து என்றால் கம்பெனியே வீரனிடம் வாங்கிப் பொட்டலத்தில் வைத்து, இது அசல் என்று பின்பக்கம் அச்சடித்தது. பேரன் மைதானத்து வேலி ஓரம் நின்று வாங்குகிறானே, அது அவனுக்குப் பொக்கிஷம். சந்தையில் அதற்கு இன்னொருவர் சான்று கொடுத்தால்தான் மதிப்பு.

அடுத்தது நிறம். ஒரே படத்தை வேறு வேறு நிற ஓரத்தில், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி அடிப்பார்கள். கையெழுத்துக் குரோமில் பொதுவான வரிசை: ரிஃப்ராக்டர் (சாய்த்தால் வானவில் மாதிரி மினுங்குவது) 499, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியில் சூப்பர்ஃப்ராக்டர் உலகத்திலேயே ஒன்று. கார்டிலேயே '37/150' என்று அச்சாகியிருக்கும். எண் போடாத சாதாரணக் கையெழுத்து எத்தனை அடித்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. என் வழக்கம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில். தங்கத்துக்கு மேலே போனால் நம்மைவிடப் பெரிய முதலாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். விற்க நினைக்கும்போதும் வாங்க ஆள் தேட வேண்டும்.

பெரிய முதலாளி என்றால் எவ்வளவு பெரியவர்? மைக் டிரவுட் என்ற ஆட்டக்காரரின் 2009 போமன் சூப்பர்ஃப்ராக்டர், கையெழுத்தோடு, 2018இல் 4 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2020 ஆகஸ்டில் அதே கார்டு 39 லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போனது. இதைச் சொன்னதும் என் சம்பந்தி, "நாமும் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாமே" என்றார். 4 லட்சம் டாலர் எங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி இல்லையா.

எந்தப் பையன்

டிராஃப்ட் வரிசையை அப்படியே நம்பினால் தோற்றுப்போவீர்கள். 2009இல் முதல் ஆளாக எடுத்தது ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பந்து வீச்சாளரை. 2010 ஜூனில் முதல் ஆட்டத்திலேயே 14 பேரை வீழ்த்தினார், ஊரே கார்டைத் தேடி அலைந்தது. அதே வருடம் செப்டம்பரில் முழங்கையில் அறுவை சிகிச்சை. அவர் திரும்பி வந்தார், 2019இல் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார், அதெல்லாம் உண்மை. ஆனால் அதே 2009 வரிசையில் 25ஆவது ஆளாக எடுத்தது யாரை? மேலே சொன்ன டிரவுட்டை.

2013ஐப் பாருங்கள். முதல் ஆள் மார்க் அப்பெல். மேல் லீகையே பார்க்காமல் 2018இல் ஆட்டத்தை விட்டு விலகி, பிறகு திரும்பி வந்து, 2022இல் முப்பது வயதில்தான் முதல்முறை மேலே ஆடினார். இரண்டாவது ஆள் கிரிஸ் பிரையன்ட். 2015இல் சிறந்த புதுமுகம், 2016இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 32ஆவது ஆள் ஆரன் ஜட்ஜ். 2022இல் 62 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். அந்த வருடம் மூன்று பேர் கார்டும் ஒரே சந்தையில் விற்றது. யார் முந்துவார் என்று சொல்லி வைத்தவர்கள் இருந்திருந்தால் அவர்கள் இப்போது நம்மோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது மூன்று. முதலாவது வயது. டபுள் ஏயில் 24 வயதுக்காரன் பிளந்து கட்டினால் அது சாதாரணம். 19 வயதுக்காரன் அங்கே ஒப்பேற்றினாலே அவனைக் கவனிக்க வேண்டும். ஹுவான் சோட்டோ 2018இல் அடி மட்டத்தில் வருடத்தைத் தொடங்கி, மே 20ஆம் தேதி மேல் லீகில் நின்றார், அப்போது 19 வயது. 2024 டிசம்பரில் மெட்ஸ் அணி அவருக்கு 15 வருடத்துக்கு 765 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தது.

இரண்டாவது, பந்து வீசுகிறவனா மட்டை அடிக்கிறவனா. நான் மட்டைக்காரன் கட்சி. மணிக்குத் தொண்ணூற்றைந்து, நூறு மைல் வேகத்தில் எறிகிற தோளும் முழங்கையும் எப்போது அறும் என்று எறிகிறவனுக்கே தெரியாது. அறுந்தால் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில். அதற்குள் சந்தை அடுத்தவனைத் தேடிப் போய்விடும். பந்து வீச்சாளர் பெரிய ஆளாகவே வந்தாலும் கார்டு சேர்க்கிறவர்களுக்குப் பிடித்தது ஹோம் ரன்தான்.

மூன்றாவது, தொடாமல் விடுகிற பந்து. இதைப் பேரன்தான் சொல்லிக் கொடுத்தான். ஹோம் ரன் கணக்கை எல்லோரும் பார்ப்பார்கள். தப்பான பந்தைத் தொடாமல் விட்டு எத்தனை முறை சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போனான், எத்தனை முறை மட்டையை வீசி ஏமாந்து வெளியேறினான், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏமாற்றம் மிக அதிகமாக இருக்கிற பையன் மேலே ஏறும்போது திணறுவான். எங்கள் கடை பாஷையில் சொன்னால், கேட்டதை எல்லாம் வாங்குகிறவன் வியாபாரி ஆக மாட்டான்.

அணியும் கொஞ்சம் முக்கியம். நியூயார்க் யாங்கீஸ் பையன் என்றால் ஆரம்ப விலையே அதிகம். அதைவிடச் சின்ன ஊர் அணியில் அதே திறமை மலிவாகக் கிடைக்கும். அவ்வளவுதான், இதில் பெரிய சாஸ்திரம் இல்லை.

பொட்டலம் பிரிக்காதீர்கள்

பெட்டி வாங்கி, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, உள்ளே என்ன என்று பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. மறுக்க மாட்டேன். பால் ஸ்கீன்ஸ் என்ற பந்து வீச்சாளர் முதல் ஆட்டத்தில் சட்டையில் தைத்திருந்த துணி முத்திரையை வைத்து, கையெழுத்தும் வாங்கி, ஒரே ஒரு கார்டு செய்தார்கள். அது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பதினோரு வயதுப் பையன் ஒருவன் பிரித்த பொட்டலத்தில் இருந்தது. அவருடைய பைரேட்ஸ் அணி அதற்கு முப்பது வருட ஆட்டச் சீட்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தது. பையன் கொடுக்கவில்லை. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தச் செய்தி வந்த வாரம் பேரன் வீட்டில் தூங்கவில்லை.

ஆனால் கணக்கு எழுதிப் பாருங்கள். எத்தனை பொட்டலத்துக்கு ஒரு கையெழுத்து என்று உறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். பெட்டிக்குக் கொடுத்த பணத்துக்கு, பெரும்பாலும் பெயர் தெரியாத பையனின் கையெழுத்து ஒன்றும், நூற்றுக்கணக்கில் காகிதமும் மிஞ்சும். அதே பணத்துக்கு நீங்கள் நம்புகிற பையனின் கார்டை ஒற்றையாக வாங்கலாம். பொட்டலம் பிரிக்கிற வேலையை மற்றவர்கள் செய்யட்டும். புதிய போமன் வெளியான முதல் இரண்டு வாரம் எல்லோரும் பிரித்துப் பிரித்து இணையத்தில் கொட்டுவார்கள், விலை ஆட்டம் போடும். அது அடங்கட்டும்.

விலை பார்ப்பது ஈபே என்கிற இணையச் சந்தையில். கவனம்: அங்கே பட்டியலில் தெரிவது கேட்கிற விலை. 'விற்றவை' என்று வடிகட்டிப் பார்த்தால்தான் போன விலை தெரியும். என் கடையில்கூட ஒரு தேக்குப் பெட்டகத்துக்கு நாலு வருடமாக ஒன்றரை லட்சம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது கேட்கிற விலை. கடைசியாகப் போன ஐந்து விற்பனையைப் பார்த்து, நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிற மாதம் நவம்பர், டிசம்பர். ஆட்டம் மார்ச் கடைசியில் தொடங்கி அக்டோபர் கடைசிவாக்கில் முடிந்துவிடும். அதன் பிறகு அமெரிக்காக்காரர் கவனம் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்துப் பக்கம் போய்விடும். பேஸ்பால் கார்டுக்கு அதுதான் ஆடி மாதம். தள்ளுபடி போர்டு மட்டும் மாட்ட மாட்டார்கள்.

இந்த இடத்தில் என் அசட்டுத்தனம் ஒன்று. இரண்டாவது முறை போனபோது எடிசனில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் போட்டிருந்தார்கள். ஒரு மரப்பெட்டி நிறைய 1990ஆம் வருடத்துக் கார்டு. முப்பது வருடச் சாமான், பழசு, நிறைய, மலிவு. என் தொழில் புத்தி விடுமா? 40 டாலர் கொடுத்துத் தூக்கி வந்தேன். பேரன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தரையில் உருண்டு சிரித்தான். 1980களின் கடைசியிலிருந்து 1990களின் ஆரம்பம் வரை கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின, வாங்கினவர்களும் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துவிட்டார்கள். தூக்கிப் போடாத சாமானுக்கு என்ன விலை வரும்? நம் ஊரில் பழைய பிஸ்கட் டின் இன்று விலை போவது, மற்றவர்கள் அதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கெடுத்ததால்தான். மரப்பெட்டிக்கு மட்டும் பின்னால் 25 டாலர் கிடைத்தது.

தரம் போடுவது, நான் கெடுத்தது

கார்டைத் தரம் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, உடைக்காமல் திறக்க முடியாத பெட்டியில் அடைத்துத் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. பிஎஸ்ஏ, பெக்கெட், எஸ்ஜிசி ஆகியவை தெரிந்த பெயர்கள். நான்கைப் பார்ப்பார்கள்: படம் நடுவில் இருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு. 10 வந்தால் ஒரு விலை, 9 வந்தால் வேறு விலை, 8 வந்தால் தரம் போடக் கொடுத்த காசே சில சமயம் நஷ்டம்.

2023 ஜூலையில் எடிசனில் இருந்தேன். அங்கிருந்து காரில் அரைமணி தூரத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் யாங்கீஸின் டபுள் ஏ அணி, சாமர்செட் பேட்ரியட்ஸ், ஆடும். அப்போது அங்கே ஜாசன் டொமிங்கெஸ் என்ற பையன் இருந்தான். 16 வயதில் 5.1 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தமானவன். செவ்வாய்க் கிரகத்துக்காரன் என்று பட்டப்பெயர். 2020 போமனில் அவன் முதல் கார்டு வந்தபோது, ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனுக்கு ஊர் கொடுத்த விலையைப் பார்த்து நான் ஒதுங்கிவிட்டேன். 2022இல் கார்டுச் சந்தை பொதுவாகவே இறங்கியது. கொரோனா காலத்தில் வீங்கிய விலை, தரம் போடும் பிஎஸ்ஏ நிறுவனமே 2021 மார்ச்சில் தாங்க முடியாமல் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைக்கும் அளவுக்கு வீங்கியது, பிறகு வடிந்தது. வடிந்த பின் அந்த டிசம்பரில் அவனுடைய குரோம் கார்டு மூன்றைப் பேரன் பேரில் வாங்கினோம். கையெழுத்து இல்லாதவை.

மைதானத்தில் அவனைப் பார்த்தேன். கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்தன, ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி. பந்து மட்டையில் பட்ட சத்தம் வேறு விதமாகக் கேட்டது. சரி, ஒன்றைத் தரம் போட அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். கார்டை எடுத்துப் பார்த்தேன், விரல் ரேகை ஒன்று தெரிந்தது. முப்பது வருடமாக ரவிவர்மா படத்தின் கண்ணாடியைத் துடைக்கிற கை. வேட்டி நுனியால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டேன். பேரன் "ஐயா!" என்று அலறினபோதுதான் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே முடி போல மூன்று கீறல்.

அப்படியே அனுப்பினோம். செப்டம்பர் 1ஆம் தேதி யாங்கீஸ் அவனை மேலே கூப்பிட்டார்கள். ஹூஸ்டனில், ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற மூத்த வீச்சாளருக்கு எதிராக, வாழ்க்கையின் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன். நான் அப்போது காரைக்குடியில் முகப்பில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறேன், பேரன் வீடியோவில் குதிக்கிறான். கையில் இருந்த இரண்டையும் இப்போதே விற்பனைக்குப் போடு என்றேன். மகன் குறுக்கே வந்து, "அப்பச்சி, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கான்" என்றான். மேலாள் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் பையனுக்கு விலை அதிகம், அடுத்த மாதம் கணக்குக் கேட்பார்கள் என்றேன். மறுநாளே இரண்டும் போய்விட்டன, வாங்கியதற்கு மூன்று மடங்கு. எட்டு ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்தான். அதோடு முழங்கைத் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை. மட்டைக்காரனுக்கும் அது வரும் என்று அன்றுதான் படித்தேன்.

மூன்றாவது கார்டு தரம் போடப் போன இடத்திலேயே இருந்தது. பனிக்காலத்தில் திரும்பி வந்தது, 8 என்று எழுதி. அதுதான் என் கல்லாவுக்குப் பின்னால் இருப்பது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குரோம் கார்டைத் துடைக்காதீர்கள். துடைத்தே ஆகவேண்டும் என்றால் கண்ணாடிக்குக் கொடுப்பார்களே மைக்ரோஃபைபர் துணி, அதுவும் தொட்டும் தொடாமலும். வாங்கிய உடனே மெல்லிய உறையில் போட்டு, டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் செருகுங்கள். தரம் போட அனுப்புவதை ஆட்டம் இல்லாத மாதங்களில் செய்யுங்கள். விலை ஏறும் வாரத்தில் கார்டு கையில் இருக்க வேண்டும். பெட்டியில் அடைத்து வந்த கார்டை வாங்கும்போது, அதிலிருக்கும் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் படத்தோடு ஒத்துப் பாருங்கள், போலிப் பெட்டியும் வருகிறது. மூலையைக் கூர்மையாகக் காட்ட ஓரத்தைச் சீவி விற்கிறவர்களும் உண்டு. அளவு குறைந்திருந்தால் தரமே போட மாட்டார்கள்.

கார்டுகளை மகன் வீட்டிலேயே வைப்பதுதான் புத்தி. நம் ஊர் ஈரத்தில் குரோம் வில் மாதிரி வளையும். சுண்ணாம்பும் முட்டையும் பூசிய சுவருக்குள் இருக்கிற எங்கள் பெட்டகமே ராமபாணப் பூச்சிக்குத் தப்பவில்லை.

கணக்கு

எங்கள் வீட்டில் எதற்கும் பேரேடு உண்டு. இதற்கும் ஒன்று போட்டேன். வாங்கிய தேதி, விலை, அஞ்சல் செலவு, தரம் போட்ட கூலி. விற்ற தேதி, விலை, கழிவு. கழிவை மறந்தால் ஐந்தொகை பொய் சொல்லும். ஈபே விற்ற தொகையில் சுமார் 13 சதம் எடுத்துக்கொள்ளும். தரம் போடுவது சாதாரணச் சேவையிலேயே கார்டுக்கு இருபது, முப்பது டாலர். ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால் அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளுக்கான லாப வரி 28 சதம் வரை போகும், பங்குக்கு இருக்கிற சலுகை இதற்கு இல்லை. ஆக 100 டாலர் கார்டை 130க்கு விற்றவன் லாபம் பார்த்ததாக நினைத்துக்கொள்ளலாம், பேரேடு ஒத்துக்கொள்ளாது. இரண்டு மடங்குக்குக் கீழே நான் விற்பதில்லை, பையனுக்குக் காயம் என்றால் ஒழிய.

மொத்தமாக எவ்வளவு போடலாம்? பெண் கல்யாணப் பணம், வைத்தியப் பணம் பக்கம் போகவே வேண்டாம். நான் வருடத்துக்கு 600 டாலர் என்று வைத்திருக்கிறேன், நாலு பையன்கள், ஒருவன்மேல் இருநூறுக்கு மேல் இல்லை. மூன்று வருடக் கணக்கு. மூன்று வருடத்தில் டபுள் ஏ தாண்டாதவனை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது. நாலில் ஒருவன் தேறினால் மற்ற மூன்று பேரின் செலவை அவன் சுமப்பான். தேறுகிற அன்று பாதியை விற்றுவிட்டு, போட்ட பணத்தை எடுத்துவிடுங்கள். மிச்சப் பாதியைப் பற்றி வீட்டில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

இப்போதும் ஒரு சண்டை ஓடுகிறது. குமார் ராக்கர் என்று ஒரு பந்து வீச்சாளர். அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2021இல் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்துவிட்டு, கையைப் பரிசோதித்துப் பார்த்து ஒப்பந்தம் போடாமல் விட்டது. அடுத்த வருடம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023இல் முழங்கை அறுவை சிகிச்சை. 2024 செப்டம்பரில் மேல் லீகுக்கு வந்துவிட்டார். நான் மேலே சொன்ன அத்தனை விதிக்கும் விரோதமான ஆள்: பந்து வீச்சாளர், முழங்கை, வயது. பேரனிடம் சொன்னேன். "பேரு குமார் ஐயா" என்றான். அவன் அப்பத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நம்ம பிள்ளை பேர் மாதிரி இருக்கு, வாங்கிக் கொடுங்க என்கிறாள்.

வாங்கியாகிவிட்டது, ஒன்று, நீல ஓரம். பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துவிட்டு, தருமத்துக்கு ஒதுக்குகிற மகமைக் கணக்கில் எழுதியிருக்கிறேன்.